அம்மனாக நடித்த அத்தை

தோட்டத்துத் திடலில் வெள்ளைத் திரை கட்டிய உடனே பெண்கள் அதன் முன்னால் கற்பூரம் கொளுத்திவிடுவார்கள். "தீப்புடிக்கப் போவுதுலா, தள்ளி வைங்க!" என்று படம் போட வந்தவர் கத்துவார். யார் கேட்டார்கள்? லிங்கிப் பக்கத்து எங்கள் ரப்பர் தோட்டத்தில் புராணப் படம் என்றால் சாமியே வருகிற நாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் பாயில் உட்காருவோம். திரையில் அம்மன் சூலத்தோடு நடந்து வந்தால் என் அம்மா கன்னத்தில் போட்டுக்கொள்வாள்.

அப்பாவின் தங்கை, என் அத்தை, அந்த அம்மனின் நடையை அப்படியே நடந்து காட்டுவாள். பால்வெட்டுக்குப் போகிற வழியில் விளையாட்டாகச் செய்ததுதான். அந்த வருடக் கோயில் திருவிழா நாடகத்தில் அவளையே அம்மனாக்கிவிட்டார்கள். மம்பாவில் லோரி ஓட்டிக்கொண்டிருந்த முறைமாமனுக்கும் அவளுக்கும் அதற்கு முன்பே பரிசம் போட்டாகிவிட்டது. தை பிறந்தால் கல்யாணம். அத்தைக்கு அவர்மேல் கொள்ளை ஆசை. அவர் பார்க்க வருகிறார் என்றுதான் அவ்வளவு உயிரைக் கொடுத்து நடித்தாள்.

அவள் சூலத்தை ஓங்கியபோது கூட்டத்தில் இரண்டு பெண்களுக்கு அருள் வந்துவிட்டது. எங்களை வேலை வாங்கும் பொல்லாத மண்டோரே மேடையேறி அவள் காலில் விழுந்தார். நாடகம் முடிந்ததும் முகத்து மஞ்சளைக்கூடக் கழுவாமல் முறைமாமனைத் தேடி ஓடினாள். "எப்படி இருந்துச்சு மாமா?" அவர் இரண்டடி பின்னால் போய்க் கைகூப்பி, "தாயே" என்றார். கிண்டல் செய்கிறார் என்று நினைத்து அத்தை வாய்விட்டுச் சிரித்தாள்.

கிண்டல் இல்லை. "சாமிய வச்சுக் குடும்பம் நடத்த முடியாதுலா" என்று சொல்லியனுப்பிக் கல்யாணத்தை நிறுத்திவிட்டார். அப்பா சண்டைக்குப் போகவில்லை. அவருக்கும் உள்ளுக்குள் அதே பயம். அதன்பிறகு ஒருவனும் அவளைப் பெண் கேட்டு வரவில்லை. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் மட்டும் திருநீறு வாங்க வாசலில் வந்து நிற்பார்கள், பாவிகள். அவளும் பூசிவிடுவாள். பிள்ளையை உடனே திருப்பிக் கொடுக்க மனமில்லாமல் மடியில் வைத்துக்கொண்டிருப்பாள்.

படத்தில் நடித்த அந்த நடிகைக்கும் வீடு, கணவன், பிள்ளைகள் என்று இருந்திருக்கும்தானே? எங்களில் ஒருவருக்கும் அது தோன்றவில்லை. அவளையும் எந்த ஊர்க்காரர்கள் என்ன பாடு படுத்தினார்களோ, பாவம்.

தோட்டத்தை விட்டு வந்தபின் அத்தை ரஹாங்கில் என் வீட்டில்தான் இருக்கிறாள். இந்த வருடம் படுத்த படுக்கையாகிவிட்டாள். கேள்விப்பட்டுப் போன வாரம் அந்த முறைமாமன் வந்தார், பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு. கட்டிலருகே நின்று கைகூப்பினார்.

"கைய எறக்குங்க மாமா," என்றாள் அத்தை. "சாகப் போறேன். ஒரு தடவ, ஒரே தடவ, என் பேரச் சொல்லிக் கூப்புடுங்க."

அவர் வாயைத் திறந்தார். சொல்லித் தொலையுங்களேன் என்று கத்தலாம் போலிருந்தது எனக்கு. கடைசியில் "தாயே" என்றுதான் வந்தது.

அத்தை சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.