ஞாயிறு மத்தியானத்து அலர்ட்

என் வீட்டுக்காரரைப் பற்றி யாராவது நாலு வார்த்தை நல்லதாகச் சொன்னால் எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரியும். "தங்கமான மனுஷன், அதிர்ந்து பேச மாட்டார்" என்பார்கள். ஆமாம், பேச மாட்டார். அவருக்குப் பதிலாக அவருடைய போன் பேசும். கல்லுளிமங்கன்!

ஆஸ்பத்திரிகள், கடைகள் என்று ஊர்ப்பட்ட கம்ப்யூட்டர்களை ஒரே அறையில் உட்கார்ந்து திரையில் கண்காணிக்கிற ஆபீஸில் அவருக்கு வேலை. எந்த மெஷினுக்கு என்ன கோளாறு வந்தால், எவ்வளவு நேரம் பொறுத்து, யார் போனுக்கு மணியடிக்க வேண்டும் என்று விதி எழுதி வைப்பார். அதற்கு அலர்ட் என்று பெயர். அவர் எழுதிய அத்தனையும் அவர் போனுக்கே அடிக்கும். ஆபீஸில் 'மணிக்கூண்டு' என்று பட்டப்பெயரே வைத்துவிட்டார்கள். அதில் இவருக்குப் பெருமை வேறு. கல்யாண வீடாகட்டும், துக்க வீடாகட்டும், நான் காய்ச்சலில் கிடக்கட்டும், ணங் என்று ஒரு சத்தம். "சர்வர் போயிடுச்சு, நான் போயே ஆகணும்" என்று செருப்பை மாட்டிக்கொள்வார்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். என் அப்பா விஷயத்தில்தான் பொறுக்க முடியவில்லை.

அம்மா போனபின் அப்பா தனியாக இருக்கிறார். பார்வை மங்கிவிட்டது. ஒருநாள் அடுப்பில் பாலை வைத்துவிட்டுத் தூங்கி, பக்கத்து வீட்டார் கதவை உடைக்கும்படி ஆயிற்று. எங்கள் வீட்டில் ஒரு அறை சும்மா கிடக்கிறது. துணி தேய்க்கிற மேஜையும் பழைய மெத்தையும்தான் அதில் குடியிருக்கின்றன. ஆனால் அப்பாவுக்கு ரோஷம் அதிகம். "நீ கூப்பிட்டா போதுமாம்மா? மாப்பிள்ளை வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், பெட்டியோட வந்துடறேன்" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக ஞாயிற்றுக்கிழமை தவறாமல் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவார்.

மூன்று பேரும் தட்டு முன்னால் உட்காருவோம். "அப்பா இங்கயே இருந்துடட்டுமேங்க" என்று நான் ஆரம்பிப்பேன். ணங். பாதிச் சாப்பாட்டில் எழுந்து போவார். நாள் பூராவும் அடிக்கிற போனில் இது மட்டும் எனக்குத் தனியாகத் தெரியுமா? "போயிட்டு வாங்க மாப்பிள்ளை, வேலைதான் முக்கியம்" என்பார் அப்பா. பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம்கூட, "என் மாப்பிள்ளை இல்லேன்னா ஆஸ்பத்திரியே நின்னுடும்" என்று பீற்றிக்கொள்வார். எனக்குக் கேட்கவே வயிறு எரியும்.

இந்த வருஷம் ஆபீஸில் புதிதாக ஒரு பெண் மேலாளராக வந்தாள். அவளை இவர் கரித்துக்கொட்டாத நாளில்லை. ஒருநாள் இவர் குளித்துக்கொண்டிருந்தபோது அவள் கூப்பிட்டாள். நான் எடுத்தேன்.

"அக்கா, எந்தெந்த அலர்ட் எதுக்கு அடிக்குதுன்னு ரிப்போர்ட் எடுத்து, வேண்டாததை நீக்கிட்டிருக்கோம். சார் போட்டதுல ஒண்ணு மட்டும் புரியல. ஸ்டோர் ரூம்ல ஒரு உடைஞ்ச பிரிண்டர். அதுக்குக் கரண்ட்டே கிடையாது. அது செத்துப்போச்சுன்னு ஞாயித்துக்கிழமை மத்தியானம் மட்டும், சார் போனுக்கு மட்டும் அடிக்குது. எதுக்குன்னு கேட்டுச் சொல்றீங்களா?"

அடப்பாவி மனுஷா!

"கேக்கவே வேணாம்மா. எடுத்துடு" என்றேன்.

அன்றைக்கே சண்டை போட்டிருக்கலாம். ஞாயிறு வரட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

ஞாயிறு வந்தது, அப்பாவும் வந்தார். சாப்பிட உட்கார்ந்ததும் வழக்கம்போல ஆரம்பித்தேன். இவர் சோற்றைப் பிசைந்துகொண்டே போனைப் பார்த்தார். அது வாயைத் திறக்கவில்லை. இடது கையால் எடுத்துத் திருப்பிப் பார்த்தார். "சிக்னல் இல்லையோ?" என்று முணுமுணுத்தார்.

"சிக்னலுக்கு என்ன கேடு? அந்த ஓட்டை பிரிண்டர் அலர்ட்டை எடுத்துட்டாங்க. எடுக்கச் சொன்னதே நான்தான்."

அவர் முகத்தில் ஈயாடவில்லை.

"எந்த பிரிண்டர்மா?" என்றார் அப்பா.

"நீங்க சாப்பிட உக்கார்ற நேரத்துக்கு எந்திரிச்சு ஓடறதுக்காக உங்க மாப்பிள்ளை வெச்ச மணிப்பா. ஆஸ்பத்திரியும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல."

"ஏய், பெரியவர் முன்னால என்ன பேச்சு இது?"

"அவர் முன்னாலதான் பேசணும். அப்பா இங்க இருக்கலாமா, கூடாதா? உங்க வாயால சொல்லுங்க."

கையிலிருந்த போனைக் கவிழ்த்து வைத்தார். அப்புறம், "எனக்கு ஒத்து வராது மாமா" என்றார். இத்தனை வருஷத்தில் அவர் நேராகச் சொன்ன ஒரே பேச்சு இதுதான்.

அப்பா கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து, துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"இதை முதல் வாரமே சொல்லியிருக்கலாமே மாப்பிள்ளை. நீங்க சரின்னு சொல்ல வாயைத் திறக்கும்போதெல்லாம் பாழாப்போன மணி அடிச்சிடுதேன்னுதான், நான் வாராவாரம் ரெண்டு பஸ் மாறி வந்துட்டிருந்தேன்."