நூலுக்குப் பயந்த கத்தி

போன கிழமை கண்டியிலிருந்து திகனவுக்கு ஒரு ஆட்டோவில் வந்தேன். கைப்பிடியில் சாரதி கட்டியிருந்த கோயில் நூல்களின் தடிப்பில் வண்டி இடப்பக்கம் திரும்ப மறுத்தது. "கொஞ்சம் அவுத்தா என்னங்க?" என்றேன். "நீங்க எறங்கி நடந்தா என்னங்க?" என்றார். நியாயம்தான். நூல் விஷயத்தில் வாய் திறக்க எனக்கென்ன தகுதி?

புது சீட்டின் ரெக்சின் வாசனை வேறு. என் முதல் வேலையும் அதே வாசனைதான்: திகனவில் ஹாஜியார் முதலாளியின் கதிரைப் பட்டறை, நாற்காலி செய்து ரெக்சின் உறை போடும் இடம். கொழும்பிலிருந்து பழைய கம்ப்யூட்டர் வெட்டு மெஷின் ஒன்றை வாங்கிவந்து, புரோகிராம் எழுத என்னை வைத்தார். தட்டையான கத்தி. அதன் கூர் எப்போதும் போகிற திசையையே பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் ரெக்சின் கிழியும். அதற்காகவே கத்தியைத் திருப்பத் தனி மோட்டார். வட்டம் வெட்டினால் கத்தியும் ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்.

மெஷினோடு வந்த புத்தகத்தில் அவ்வளவுதான். புத்தகம் எழுதியவன் எங்கள் பட்டறையைப் பார்த்ததில்லையே! மெஷின் இறங்கிய அன்றே எங்கள் மூத்த தச்சர் சுனில் பாஸ், பன்சலையில் பிக்கு ஓதிய வெள்ளை நூலைக் கத்தித் தலையிலிருந்து பக்கத்துக் கம்பிக்கு இழுத்துக் கட்டினார். ஹாஜியார் தாயத்துக் கோத்த கறுப்பு நூல் கட்டினார். நான் சும்மா இருப்பேனா? அம்மா தந்த மஞ்சள் கயிற்றை எல்லாவற்றுக்கும் மேலே இறுக்கினேன். முதல் வட்டத்திலேயே மூன்றும் பின்னிக்கொண்டு கத்தியைப் பிடித்து நிறுத்த, ரெக்சின் கிழிந்தது.

ஓட்டல் ஒன்றுக்கு வட்டக் கதிரைகள் போக வேண்டும். "இந்த ஓடர் போனா மெஷினும் போகும், நீங்களும் போகோணும் மகன்" என்றார் ஹாஜியார். தேயிலைத் தோட்டத்தில் அம்மா என் வேலையை லயத்து வீடுகள் முழுக்கப் பறைசாற்றியிருந்தாள்.

"நூல அறுத்துடவா ஹாஜியார்?"

"என்டத அறுங்க. பாஸ்ட நூல தொட வாணாம், மனுசன்ட மனசு நோவும்."

பாஸிடம் ஓடினேன். "என் நூல் வெட்டு தம்பி. ஹாஜியார் நூல் வேணாம், பாவம்."

பின்னிக் கிடந்ததில் ஒன்றை வெட்டினால் மூன்றும் போகும். இப்படி நல்லவர்களாக இருந்தே என் உயிரை வாங்கினார்கள்.

அரைச் சுற்றுக்கு நூல் இடம் கொடுத்தது. ஆகவே அரை வட்டம் வலப்பக்கமாக வெட்டு, கத்தியைத் தூக்கித் தொடங்கிய இடத்துக்கே கொண்டுபோ, மீதியை இடப்பக்கமாக வெட்டு என்று எழுதினேன். சுற்றிய நூல் தானே பிரிந்தது. வேலை இரட்டிப்பு, இரண்டு பாதியும் சேருமிடத்தில் காது மாதிரி ஒரு சின்னத் துருத்தல் வேறு. "இது கண்டியன் டிசைனா?" என்று ஓட்டல் மேனேஜர் தடவிப் பார்த்தார். "பரம்பர டிசைன்" என்றார் ஹாஜியார், கண் சிமிட்டாமல். என் வேலை நிலைத்தது.

ஹாஜியாரின் மகன் பட்டறையைப் பொறுப்பெடுத்ததும் புது மெஷின் வந்தது. பாஸ் வெள்ளை நூலோடு வந்தார். "வாணாம் பாஸ், வாரண்டி பெய்த்திடும்" என்றார் மகன். பாஸ் நூலைச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். மூலைக் கதிரையிலிருந்த ஹாஜியார் பழைய மெஷின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பழையதை இரும்புக்கு எடுக்க வந்தவன் மூன்றையும் ஒரே இழுப்பில் அறுத்தெறிந்தான். எது யாருடையது என்றுகூடக் கேட்கவில்லை.