சாக்லேட் பெட்டியில் ஒரு கொண்டைக்குருவி

போன மாதம் ஒரு குருவிக் குஞ்சைக் காப்பாற்றுவதற்காக மலைப் பாதையில் ஜீப்பில் துரத்திக்கொண்டு போனேன். யாரிடமிருந்து காப்பாற்ற? பாம்பா, பூனையா, பருந்தா? இல்லை... அதைக் காப்பாற்றியவர்களிடமிருந்து.

முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன்.

கொடைக்கானலுக்கு மேற்கே, மன்னவனூரையும் தாண்டிப் போனால் பூண்டி. பூண்டும் கேரட்டும் விளைகிற ஊர். செல்போனில் சிக்னல் கிடைக்காது என்பதால் நிம்மதியும் விளைகிறது. அங்கே மெகருன்னிசா ஒரு ஹோம்ஸ்டே நடத்துகிறார். கணவருக்குக் கொடைக்கானல் பஜாரில் கடை. இங்கே சமையல், கணக்கு, ஜீப் ஓட்டுவது எல்லாமே மெகருன்னிசாதான்.

எனக்குக் கொடுத்த அறையின் வாசலில் 'நெஸ்ட் வியூ ரூம்' என்று புது போர்டு மாட்டியிருந்தார். ஜன்னலை ஒட்டினாற்போல ஒரு ரோஜாப் புதர். அதில் ஒரு கொண்டைக்குருவி கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தது.

"போன மாசம் வரைக்கும் இதுக்கு 'கார்டன் வியூ'ன்னு பேருக்கா" என்றார் மெகருன்னிசா.

"அதுக்கு முன்னாடி?"

"ஸ்டோர் ரூம்."

கொண்டைக்குருவியைப் பார்த்திருப்பீர்கள். தலையில் கூரான கறுப்புக் கொண்டை, கன்னத்தில் சிவப்புப் பொட்டு, கல்யாணத்துக்குக் கிளம்பின மாதிரியே இருக்கும். இதில் ஆண் எது, பெண் எது என்று பார்த்துச் சொல்ல முடியாது. செய்கிற வேலையை வைத்தும் சொல்ல முடியாது. புழு பிடித்து வருவதில் இரண்டும் சமம். குஞ்சுகள் போடுகிற எச்சத்தை அலகில் கவ்விக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுவிட்டு வருவதிலும் சமம். அப்பன் குருவி அதைச் செய்துவிட்டு யாருடைய பாராட்டுக்காகவும் காத்திருக்கவில்லை. ஸ்டேட்டஸும் போடவில்லை.

கூட்டில் இரண்டு குஞ்சுகள். வாயைத் திறந்தால் உடம்பே வாய்தான்.

கூட்டைப் பார்க்க மற்ற அறைக்காரர்களும் என் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். "உஷ்ஷ், சத்தம் போடாதீங்க" என்று ஒருவருக்கொருவர் போட்ட சத்தத்தில் குருவிகள் பலமுறை கிளையை விட்டு ஓடின. இந்தக் கூட்டத்தின் தலைவி, சென்னையிலிருந்து வந்திருந்த சுதா மேடம். கணவர் அமைதியானவர். மகன் கார்த்திக் அதைவிட அமைதி. இருபத்தாறு வயது, மென்பொருள் வேலை, வீட்டிலிருந்தே செய்கிறான்.

அவன் பேச வேண்டிய அவசியமே இல்லை. "கார்த்திக்குக் காரம் ஆகாது." "கார்த்திக்குத் தோசை முறுகலா வேணும்." "கார்த்திக் இப்போ குளிக்க மாட்டான், தண்ணி சில்லுனு இருக்கு." எல்லாம் சுதா மேடமே சொல்லிவிடுவார். சாப்பாட்டு மேசையில், அவன் லேப்டாப்பில் தட்டிக்கொண்டிருக்கும்போது, ஒரு வாய் தோசையை அவர் ஊட்டியே விட்டதை நான் பார்த்தேன். பார்க்காத மாதிரி சட்னியைப் பார்த்தேன்.

அவர்கள் கிளம்புகிற நாள் காலை. காபி குடித்துக்கொண்டிருந்தபோது கார் கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரத்தில் ஜன்னலுக்கு வெளியே ஒரே கத்தல். கூடு காலி. ஒரு குஞ்சு புதரின் அடிக்கிளையைக் கெட்டியாகப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தது. பெரிய குருவிகளில் ஒன்று அதன் பக்கத்தில். இன்னொன்று தரையோரமாக இங்கும் அங்கும் பறந்து பறந்து கத்தியது.

மெகருன்னிசா ஓடி வந்தார். புதர், வேலி, செடித் தொட்டிகளின் சந்து என்று இருவரும் குனிந்து தேடினோம்.

"பூனை தூக்கியிருக்குமோ?" என்றேன்.

"பூனையில்லக்கா." அவர் இடுப்பில் கைவைத்து நின்றுவிட்டார். "வெள்ளனே சுதா மேடம் வந்து வெறும் பெட்டி ஒண்ணு கேட்டாங்க. பாலும் பிரெட்டும் கேட்டாங்க. பையனுக்குன்னு நெனச்சு நானும் சூடு பண்ணிக் குடுத்தேன்."

போன் போட்டுக் கேட்கலாமென்றால் சிக்னல் இல்லை. இந்த ஊரின் நிம்மதியைப் பற்றிச் சற்று முன் எழுதியதைத் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.

"ஜீப்ல ஏறுங்க. வெரசா போனா மன்னவனூர்ல பிடிச்சிரலாம்."

எனக்கு ஒரு சந்தேகம். மனிதக் கை பட்ட குஞ்சைத் தாய் மறுபடி சேர்த்துக்கொள்ளாது என்று கேள்விப்பட்டிருக்கிறேன். எங்கே, யார் சொன்னது? தெரியாது. ஆனாலும் வளைவுகளில் கதவைப் பிடித்துக்கொண்டே அதை உறுதியான குரலில் சொன்னேன்.

"எனக்குந் தெரியல" என்றார் மெகருன்னிசா. "சேக்கலேன்னா அப்புறம் பாப்போம். இப்ப அது அங்க கத்திக்கிட்டு கெடக்கே." ஒரு வளைவு தாண்டியதும் குரலைத் தாழ்த்தி, "வர்ற சனிக்கெழமைக்கு நெஸ்ட் வியூ புக்கிங் வேற இருக்குக்கா" என்றார்.

மனிதர்களின் நல்ல காரியங்களில் இப்படி ஒரு சனிக்கிழமை எப்போதும் ஒளிந்திருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். ஜீப் வேகமாகப் போனதே, அது போதாதா?

சாலையோரம் கேரட் விற்கிற இடத்தில் அந்தக் கார் நின்றிருந்தது. சுதா மேடம் கேரட்டை ஒவ்வொன்றாகப் பொறுக்கிக்கொண்டிருந்தார். பின் சீட்டில் கார்த்திக். அவன் மடியில் ஹோம்மேட் சாக்லேட் வாங்கின அட்டைப் பெட்டி. பெட்டிக்குள் பஞ்சு மெத்தை. மெத்தைமேல் குஞ்சு, இறகைச் சிலிர்த்துக்கொண்டு, வாயை இறுக மூடிக்கொண்டு. பக்கத்தில் பாலில் ஊறிய பிரெட், தொடப்படாமல்.

"மேடம், குஞ்சைக் குடுங்க" என்றார் மெகருன்னிசா.

"ஐயோ, அது கீழ விழுந்து கிடந்துதுங்க. பறக்கவே தெரியல. அம்மாக்காரி மேலே உட்கார்ந்து சும்மா பார்த்துட்டு இருக்கு. ஒரு பொறுப்பு வேண்டாமா?"

"அது விழுகல மேடம். எறங்கியிருக்கு. பறக்கப் பழகுறதுக்கு முன்னாடியே கூட்ட விட்டு எறங்கிரும். தோட்டத்துல வருசா வருசம் பாக்குறேன்ல. பெருசுங்க ரெண்டும் கூடவே நின்னு தீனி குடுக்கும்."

"கூடவே நின்னா போதுமா? சென்னையில எங்க பால்கனியில நெட் போட்டிருக்கோம். ஏ.சி. ரூம் இருக்கு. சின்னு சேஃபா இருப்பான்."

சின்னு. பெயரும் வைத்தாகிவிட்டது. நான் என் பங்குக்கு, "காட்டுப் பறவையை வீட்டில் வைத்திருப்பது சட்டப்படி தப்பு மேடம்" என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பிள்ளை பெற்ற ஒருத்தி இப்படிப் பேசலாமா என்ற கேள்வி இருந்தது.

பேச்சு நீண்டது. மெகருன்னிசாவின் குரல் ஏறியது. கேரட் விற்றவர் எடை போடுவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார். பெட்டிக்குள் குஞ்சு கண்ணை மூட ஆரம்பித்திருந்தது. இவர்கள் இருவரில் யார் சரி என்று முடிவாவதற்குள் இது செத்துப்போகும் போலிருந்தது.

"அம்மா, குடுத்துடலாம்."

கார்த்திக். ஒரு வாரத்தில் அவன் குரலை நான் கேட்டது அதுதான் முதல் தடவை. நல்ல கனமான குரல்.

"உனக்குத் தெரியாதுடா கண்ணா..."

"இதுக்குப் பசிக்குதும்மா. நாம குடுக்கறதைச் சாப்பிடல. நானே கொண்டுபோய் விட்டுட்டு வரேன்." சொல்லிக்கொண்டே பெட்டியோடு இறங்கி எங்கள் ஜீப்பில் ஏறிவிட்டான்.

"நீ எப்படிடா தனியா வருவே?"

"கிளாவரையிலேருந்து பூண்டி வழியா கொடைக்கானலுக்கு பஸ் வரும்ல?"

"பஸ்ஸா?" சுதா மேடம் கணவரைப் பார்த்தார். அவர் கேரட் பையை வாங்கிக் காரில் வைத்துவிட்டு, "நாம ஹோட்டல்ல போய் வெயிட் பண்ணலாம்" என்றார். கல்யாணத்துக்குப் பிறகு அவர் எடுத்த முதல் முடிவாக இருக்கலாம்... விசாரிக்கவில்லை.

அடுத்த நிமிடங்களில் ஜீப்புக்குள் ஒரு ஸ்வெட்டர், குல்லாய், தண்ணீர் பாட்டில், மலை வாழைப்பழம், வாந்தி மாத்திரை எல்லாம் வந்து விழுந்தன. "முன் சீட்டுல உட்காரு. ஜன்னல் பக்கம் வேண்டாம். இல்ல, ஜன்னல் பக்கமே உட்காரு." எவரெஸ்டுக்கு அனுப்புகிறவர்கள்கூட இவ்வளவு கலங்கியிருக்க மாட்டார்கள்.

திரும்பும் வழியெல்லாம் கார்த்திக் பெட்டியின் மூடியை லேசாகச் சாய்த்து, காற்று அடிக்காமல் கையால் மறைத்துக்கொண்டே வந்தான்.

பூண்டியில் அந்தக் கத்தல் இன்னும் ஓயவில்லை. அவன் குஞ்சை எடுத்துப் புதரின் அடிக்கிளையில், அதன் உடன்பிறப்புக்குப் பக்கத்தில் வைத்தான். அது தடுமாறி, கிளையைப் பற்றிக்கொண்டது. நாங்கள் பின்வாங்கி அறைக்குள் வந்து ஜன்னலோரம் நின்றோம்.

பெரிய குருவி ஒன்று பச்சைப் புழுவோடு வந்தது. உட்கார்ந்தது. பார்த்தது. புழுவை மற்ற குஞ்சுக்குக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது.

"நான்தான் சொன்னேனே" என்றேன் மெல்ல. நான் சொன்னது நடந்ததில் இவ்வளவு துக்கம் எனக்கு எப்போதும் வந்ததில்லை. மெகருன்னிசா முக்காட்டு நுனியை வாயில் வைத்துக் கடித்தபடி நின்றார்.

இன்னொரு குருவி வந்தது. சாக்லேட் பெட்டிக் குஞ்சு கண்ணைத் திறந்தது. அத்தனை நேரம் பாலுக்கும் பிரெட்டுக்கும் திறக்காத வாய் அப்படியே பிளந்துகொண்டது. குருவி புழுவை உள்ளே திணித்துவிட்டு, அடுத்ததைப் பிடிக்கப் பறந்துவிட்டது. விசாரணை இல்லை, அழுகை இல்லை, எங்கேடா போயிருந்தே என்று ஒரு கேள்விகூட இல்லை.

"சேத்துக்கிருச்சு" என்றார் மெகருன்னிசா. என் பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருந்தது அவருடைய பெருந்தன்மை.

கார்த்திக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டான். பஸ் வருகிற நேரம் வரைக்கும் அந்த ஜன்னலை விட்டு நகரவே இல்லை. பஸ்ஸில் முன் சீட்டும் இல்லை, ஜன்னலும் இல்லை. பூண்டு மூட்டைகளுக்கு நடுவில் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டு எங்களுக்குக் கையசைத்தான்.

நேற்று சுதா மேடத்திடமிருந்து எனக்கு வாட்ஸ்ஆப் வந்தது. 'கார்த்திக் பெங்களூருல தனியா ரூம் எடுத்து இருக்கப் போறானாம். சமைச்சுக்குவானாம். நீங்க ரெண்டு பேரும் அங்க அவன்கிட்ட என்ன சொன்னீங்க?'

நாங்கள் எதுவுமே சொல்லவில்லை. அவனும் நாங்களும் சேர்ந்து ஒரு புதரைப் பார்த்துக்கொண்டிருந்தோம், அவ்வளவுதான். விட்டுவிட்டுப் பக்கத்தில் நின்றாலே போதும் மேடம், பிள்ளைகள் பிழைத்துக்கொள்வார்கள் என்று நல்லபடியாக ஒரு பதில் எழுத உட்கார்ந்தேன்.

அந்த நேரம் பார்த்து என் மகள் வந்து, கல்லூரிக்கு டெல்லி போகப் போவதாகச் சொல்கிறாள்... மதுரையில் இல்லாத காலேஜா?