குவாங் திரிக்குப் போய்வந்த ஆரோக்கியசாமி சார்

பேராசிரியர் ஆரோக்கியசாமி காலமான செய்தியை, நான் சத்திரம் பேருந்து நிலையத்தில் ஸ்ரீரங்கம் பஸ்ஸுக்காக நின்றபோது எங்கள் வியட்நாம் நட்புறவுச் சங்கச் செயலாளர் சொன்னார்.

"சார் காலையில போயிட்டாருங்க. நினைவு மலருக்கு நீங்கதான் எழுதணும். வியட்நாம் போயிட்டு வந்ததை நல்லா தூக்கி எழுதுங்க."

துக்கத்திலும் பக்கம் நிரப்பும் கவலை. எழுதுகிறேன். அந்தப் பயணத்தைப் பற்றி முதலில் எழுதியவனும் நான்தான்.

போர் முடிந்து சில ஆண்டுகளில், குவாங் திரி என்ற கடலோர மாகாணத்தைப் பார்க்கச் சங்கத்திலிருந்து ஒருவர் வரலாம் என்று அழைப்பு வந்தது. அச்சகத்தில் புரூஃப் பார்த்துக்கொண்டே அந்த நாட்டைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்தவன் நான். ஆனால் படித்தது ஒன்பதாம் வகுப்பு. செயற்குழு பட்டம் பெற்றவரை அனுப்பியது. அவருக்கு அந்த மாகாணத்தை வரைபடத்தில் காட்டியவனும் நானே.

புறப்படுமுன் சார் என் வீட்டுக்கு வந்தார்.

"வந்ததும் கூட்டம் போட்டுருவாங்க. பேச ஒண்ணு எழுதிக் கொடுங்களேன்."

"இன்னும் போகவே இல்லையே சார்?"

"நீங்க படிக்காததையா நான் பாத்துடப் போறேன்?"

அந்தப் புகழ்ச்சியில் மயங்கி எழுதினேன். குண்டு மழை, மண்ணுக்கடியில் வாழ்ந்த கிராமம், துப்பாக்கி ஏந்திய பெண்கள். திரும்பி வந்தவர் மலைக்கோட்டை அருகே ஒரு மண்டபத்தில் அதை ஒரு சொல் மாறாமல் பேசினார். கைதட்டினார்கள். பிறகு ஒருவர் எழுந்து, "அங்க தயிர் சாதம் கிடைக்குங்களா சார்?" என்றார். கேட்பவர்களின் தரம் இது. ஆண்டுக்கணக்கில் அதே பேச்சு, அதே கைதட்டல்.

அவர் உண்மையில் என்னதான் பார்த்தார்? எனக்கு அது தெரிந்தாக வேண்டும். கேட்டால், "அதான் எழுதிட்டீங்களே" என்று சிரிப்பார்.

சென்ற மாதம், படுத்த படுக்கையாக இருந்தவரிடம் மறுபடி கேட்டேன். சிரிக்கவில்லை.

"குண்டு விழுந்த பள்ளம் குளமாயிருந்துச்சு. ஒரு அம்மா வாத்து மேய்ச்சுக்கிட்டிருந்தாங்க. தண்ணியைக் காட்டி, எங்க வீடு இங்கதான் இருந்துச்சுன்னாங்க. கூட வந்தவர்தான் மொழிபெயர்த்தாரு. அழல. வாத்துங்களை ஓட்டிக்கிட்டுப் போயிட்டாங்க."

"ஏன் சார் இதைச் சொல்லல?"

"நீங்க எழுதிக் கொடுத்த பேப்பர்ல அதுக்கு இடமில்லையேங்க."

பழியை என்மேல் போட்டார். ஏற்க மாட்டேன். போகாதவன் காகிதத்தைத்தான் நம்புவான். கண்ணால் பார்த்தவர் அதைக் கிழித்துப் போட்டிருக்க வேண்டும். அத்தனை மேடை கிடைத்தும் அந்த அம்மாவுக்கு ஒரு நிமிடம் ஒதுக்காதவரை, இறந்துவிட்டார் என்பதற்காக நான் மன்னிப்பதாயில்லை.

செயலாளர் கேட்ட வீரம் இதில் இல்லை. ஒரு பெண் தண்ணீரை நோக்கிக் கை நீட்டி நிற்கிறார், அவ்வளவுதான்.

போய் வாருங்கள் சார். அங்கே யாராவது கேட்டால், இந்த முறை நீங்களே சொல்லுங்கள்.