அக்கா மலைக்குப் போன சனிக்கிழமை

யார் என்ன கொண்டுவருவது என்று பேசி முடித்து, காபி டம்ளர்களையும் கீழே வைத்த பிறகுதான் அக்கா அதைச் சொன்னார். "எல்லாரும் போய்ட்டு வாங்க. நான் வரலை." பீர்க்கன்கரணை ஏரிக்குப் பக்கத்துத் தெருவில், அவருடைய மாடி வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் ஜவ்வாது மலையின் வரைபடம் விரிந்து கிடந்தது. அந்தப் பயணத்தை யோசித்தவரே அவர்தான். மலைமேல் ஒரு தோட்ட வீட்டுக்காரரிடம் பேசி இடம் பிடித்தார். ஆன்டெனா கம்பியைக் கட்ட உயரமான மரங்கள் இருக்கின்றனவா என்று கேட்டுத் தெரிந்துகொண்டார். இப்போது அவரே வரவில்லை என்றால் நாங்கள் என்ன செய்வது?

நாங்கள் ஹாம் ரேடியோக்காரர்கள். அரசாங்கத் தேர்வு எழுதி, லைசென்ஸ் வாங்கி, சொந்தக் கருவியை வைத்துக்கொண்டு, ஃபோனோ இன்டர்நெட்டோ இல்லாமல் காற்றின் வழியே பேசுகிறவர்கள். தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் அப்படி ஆறேழு பேர் சேர்ந்திருந்தோம். ஊருக்குள் பேசுவது வருடத்துக்கு வருடம் சிரமமாகிக்கொண்டே வந்தது. பெருங்களத்தூரில் புதுப்புது அடுக்குமாடிகள் எழும்ப எழும்ப, அவற்றின் இன்வெர்ட்டர்களும் மலிவான எல்இடி விளக்குகளும் எங்கள் ஸ்பீக்கரில் இரைச்சலைக் கொட்டின. மலைக்குப் போனால் அந்த இரைச்சல் இருக்காது. தூர தேசத்துக் குரல்கள்கூடப் பக்கத்து அறையிலிருந்து பேசுவது போலக் கேட்கும். அதற்காகத்தான் இந்தப் பயணம்.

நாங்கள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் அவர் இதற்குள் வந்த கதை வேறு. பெருவெள்ளம் வந்த வருடம் அவர் கிண்டியில் ஆடிட்டர் அலுவலகத்தில் மாட்டிக்கொண்டார். அவருடைய கணவர் வீட்டில் தனியாக இருந்தார். முடிச்சூர்ப் பக்கமெல்லாம் தண்ணீர் என்ற செய்தி மட்டும் வந்தது. ஃபோன் எதுவும் வேலை செய்யவில்லை. முன்பின் தெரியாத ஒரு ஹாம்காரர் அலுவலகத்துக்கு வந்து, "உங்க வீட்டுக்காரர் மொட்டை மாடியில பத்திரமா இருக்காராம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவின் தெருவில் யாரோ பார்த்து, யாரோ ரேடியோவில் சொல்லி, கைமாறி வந்த செய்தி. தண்ணீர் வடிந்ததும் அக்கா தேர்வுக்குப் படிக்க ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருந்தது.

அவருடைய கணவரை நாங்கள் சார் என்றுதான் கூப்பிடுவோம். அதிகம் பேசாத மனிதர். அக்கம்பக்கத்தில் யாரையும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் மாட்டார். நாங்கள் கூடும் நாட்களில் உள்ளறையில் டிவி பார்த்துக்கொண்டிருப்பார். சத்தம் கூடிவிட்டால், "அந்த இரைச்சலைக் கொஞ்சம் கொறைச்சு வையேன்" என்று ஒரு குரல் மட்டும் வரும். இந்த மலைப் பயணத்துக்குச் சில மாதங்கள் முன்புதான் அவருக்கு இதய அறுவை சிகிச்சை நடந்தது. மகன் பெங்களூரில்.

"அந்தத் தோட்டத்துல ஃபோன் எடுக்காது. இவரைத் தனியா விட்டுட்டு நான் எப்படி வர்றது?" என்றார் அக்கா.

தாம்பரம் சானடோரியத்தில் வெல்டிங் பட்டறை வைத்திருந்த பாய் எங்களோடு லைசென்ஸ் எடுத்தவர். அவர் முகம் வாடிவிட்டது. "இன்னாக்கா, நீ வராம நாங்க இன்னாத்தப் பண்றது? எல்லாம் பேஜாராப் பூடும்" என்றார்.

நான் அப்போது இடது காலில் மாவுக்கட்டோடு உட்கார்ந்திருந்தேன். தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டில் வழுக்கி விழுந்ததால் எனக்கும் மலை இல்லை என்றாகிவிட்டது. அந்த வருத்தத்திலேயே இருந்தவன், யோசிக்காமல் சொன்னேன்: "நான் இங்கயே வந்து தங்கிக்கிறேன்க்கா. சாரையும் பாத்துக்கிறேன், உங்க செட்லயே உக்காந்து பேசறேன். நீங்க மலையிலேர்ந்து கூப்பிடுங்க."

அக்கா உடனே ஒப்புக்கொள்ளவில்லை. உள்ளறையில் டிவி சத்தம் நின்றது. சார் அறை வாசலில் வந்து நின்று, "போய்ட்டு வா" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார். அக்கா சற்று நேரம் அந்தக் கதவையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, என்னிடம் ஒரு நிபந்தனை போட்டார். "பொழுது சாயறதுக்குள்ள அவர் நல்லா இருக்கார்னு என் காதுல விழணும் தம்பி. விழலைன்னா கெடைக்கிற பஸ்ல ஏறி நான் வந்துடுவேன்." அவர் அப்படிச் சொன்னதில் காரணம் இருந்தது. நாங்கள் பேசும் அலை பகலில் ஜவ்வாது மலைக்கும் தாம்பரத்துக்கும் நடுவே நன்றாக எட்டும். இருட்டிவிட்டால் எங்கள் தலைக்கு மேலே தாண்டிப் போய் வேறெங்கோ விழும்.

சனிக்கிழமை விடியற்காலை பாயின் வேனில் கிளம்பிப் போனார்கள். மாத்திரை எப்போது, சாம்பார் எங்கே என்று அக்கா எனக்கு இரண்டு முறை சொன்னார். சார் பால்கனியில் நின்று வேன் திரும்பும்வரை பார்த்தார். பிறகு நாங்கள் இருவரும் பேச எதுவுமில்லாமல் செய்தித்தாளைப் பங்கு போட்டுப் படித்தோம்.

மத்தியானம் கருவியைப் போட்டேன். கொர்ரென்று ஒரே சீரான இரைச்சல். அதன் அடியில் ஏதோ குரல் மாதிரி ஒன்று எழுந்து அமிழ்ந்தது. அக்காவாக இருக்கலாம், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. நான் பதில் கொடுத்துப் பார்த்தேன். என் குரல் அங்கே போகிறதா என்றும் தெரியவில்லை. வீட்டு மெயினை அணைத்துவிட்டுப் பேட்டரியில் ஓட்டினேன். கொஞ்சம் குறைந்தது, போதவில்லை. வெயில் மேற்குச் சுவருக்குப் போய்விட்டது.

சார் என் பின்னால் வந்து நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். "அவளா அது?" என்றார்.

"தெரியலை சார். வெளிய ஏதோ ஒரு வீட்டு லைட்டோ சார்ஜரோ இரைச்சல் போடுது. கண்டுபிடிச்சு அணைச்சாத்தான் கேக்கும்."

"எப்படிக் கண்டுபிடிக்கறது?"

அக்காவின் அலமாரியில் ஒரு சின்ன டிரான்சிஸ்டர் இருந்தது. அதன் முள்ளை எந்த நிலையமும் வராத இடத்தில் வைத்துக்கொண்டு நடந்தால், இரைச்சல் கிளம்பும் இடத்தை நெருங்க நெருங்க அது பெரிதாகக் கத்தும். சொல்லிவிட்டு என் காலைப் பார்த்தேன். சார் டிரான்சிஸ்டரை எடுத்துக்கொண்டு செருப்பை மாட்டினார். "சார், மாடிப்படி..." என்று நான் எழுந்திருக்கப் பார்த்தேன். "டாக்டர் நடக்கச் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிட்டுக் கைப்பிடியைப் பிடித்தபடி மெதுவாக இறங்கினார்.

பால்கனி வழியே அவரைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வேட்டியும் சட்டையுமாக, கத்துகிற டிரான்சிஸ்டரைக் காதருகே பிடித்துக்கொண்டு ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்று நின்று நடந்தார். பால் வாங்கிக்கொண்டு போனவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பல வருடங்களாக அந்தத் தெருவில் யாரிடமும் பேசாத மனிதர். கடைசியில் எதிர்ச் சாரியில் புதிதாக வந்த அடுக்குமாடியின் கீழ் வீட்டு மணியை அடித்தார். ஒரு பெண் கதவைத் திறந்தார். சார் பேசியது எங்கள் மாடிவரை கேட்டது.

"நான் எதிர் வீடு. என் வீட்டுக்காரி மலை மேலேர்ந்து ரேடியோவுல பேசறா. உங்க வீட்ல ஏதோ ஒரு லைட்டால எனக்குக் கேக்க மாட்டேங்குது. கொஞ்ச நேரம் அணைச்சு வைக்க முடியுமாம்மா?"

அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. ஆனாலும் உள்ளே போய் ஒவ்வொன்றாக அணைத்தார். மீன் தொட்டியின் விளக்கு என்று பிறகு தெரிந்தது, அதை அணைத்ததும் உள்ளே என் ஸ்பீக்கரில் இரைச்சல் சட்டென்று அறுந்தது. நான் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "அதேதான் சார்! அதேதான்!" என்று கத்தினேன்.

அவர் மூச்சு வாங்கிக்கொண்டு மாடி ஏறி வந்து நாற்காலியில் உட்கார்ந்தபோது, அக்காவின் குரல் தெளிவாக வந்தது. லைசென்ஸோடு கிடைத்த தன் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டு, "தம்பி, கேக்குதா? விடாம கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். அவர் எப்படி இருக்கார்?" என்றார்.

லைசென்ஸ் இல்லாதவர் மைக்கில் பேசக் கூடாது. அதனால் நான்தான் சொன்னேன். "நல்லா இருக்கார்க்கா. மாத்திரை போட்டாச்சு. பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டிருக்கார்."

பிறகு அக்கா பேச ஆரம்பித்தார். வழக்கமாக ரேடியோவில் நறுக்கென்று பேசி முடிப்பவர் அன்று பேசிக்கொண்டே போனார். பலா மரத்தில் கம்பி கட்டியது, எதிர்மலையில் மேகம் இறங்கி வந்து ஒரு ஊரையே மூடிவிட்டுப் போனது, சாமைச் சோறு கிடைத்தது, பாய்க்குக் குளிர் தாங்காமல் போர்வையோடு சுற்றுவது. சார் ஸ்பீக்கர் பக்கம் குனிந்து, கைகளை முழங்காலில் வைத்துக்கொண்டு கேட்டார். நடுவில் ஒரே ஒரு தடவை என்னிடம் மெதுவாக, "சந்தோஷமா இருக்கா, இல்ல?" என்றார்.

"ஆமா சார்."

"உங்க பக்கம் இரைச்சல் எப்படி?" என்று அக்கா கேட்டபோது, சார் தெருவில் இறங்கிப் போனதைச் சொன்னேன். எதிர் வீட்டு மணியை அடித்ததைச் சொன்னேன். பதிலுக்குப் பாயின் குரல்தான் வந்தது. "அக்கா மைக்க என்னாண்ட குடுத்துட்டு அந்தாண்ட போய் நின்னுகினு கீது. நீ இன்னாத்தச் சொன்னே?"

ஞாயிறு மாலை அக்கா திரும்பி வந்தார். அவர் பையை வைப்பதற்குள் சார் கேட்டார்: "அடுத்தது எந்த மலை?" அதற்குப் பிறகு நாங்கள் கூடும் நாட்களில் அவர் உள்ளறைக்குப் போகவில்லை. மேஜையின் ஓரத்தில் உட்கார்ந்துகொள்வார். அக்கா மலைக்குப் போகும்போதெல்லாம் எங்களில் ஒருவர் அந்த வீட்டில் தங்குவோம். எதிர் வீட்டுப் பெண் தானாகவே விளக்கை அணைத்துவிட்டு, சில நாள் தானும் வந்து உட்கார்ந்து கேட்பார்.

சார் தவறிப்போய் இரண்டு வருடமாகிறது. இந்த வருடமும் திட்டம் போட அதே மேஜையில் கூடினோம். நீங்கள் கட்டாயம் வர வேண்டும், மனது கொஞ்சம் மாறும் என்று எல்லோரும் அக்காவை வற்புறுத்தினோம். அவர் மாட்டேன் என்று தலையாட்டினார்.

"இல்லப்பா, நான் இங்க இருக்கேன். இத்தனை வருஷமும் நான் அந்தப் பக்கத்துலேர்ந்தே பேசிட்டேன். இங்க உக்காந்து கேட்டா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியவே தெரியாது."

பாய் வேன் கிளம்பும் நேரத்தைச் சொன்னார்.

இந்த முறை மலையில் நான் இருந்தேன். மத்தியானம் கம்பியைக் கட்டி முடித்ததும் கூப்பிட்டேன். முதல் அழைப்பிலேயே பதில் வந்தது. "கேக்குது தம்பி, நல்லா கேக்குது. அங்க என்ன தெரியுது, சொல்லு."

எதிர்மலையில் வெயில் விழுந்துகொண்டிருந்தது. அதிலிருந்து ஆரம்பித்து, அவசரப்படாமல், கண்ணில் பட்டதையெல்லாம் ஒன்றுவிடாமல் சொன்னேன்.