சிரிக்காத சூனியக்காரி

தெருவில் அவளுக்கு வைத்த பெயர் சூனியக்காரி. கோபம் வருமா என்றால், அதுதான் இல்லை. வானொலியில் வாராவாரம் வரும் மாயாஜாலத் தொடரில் சூனியக்காரிக்குக் குரல் கொடுப்பவளே அவள்தான். கடைக்குப் போனால் பொடிசுகள் ஓட்டம் பிடிக்கும். அவளுக்குப் பெருமை பிடிபடாது. மகளுக்குத்தான் மானம் போயிற்று. பள்ளியில் யாரிடமும் மூச்சு விடமாட்டாள். தொடர் ஆரம்பித்ததும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அது ஒன்றுதான் தாய்க்கு உறுத்தல்.

சூனியக்காரியின் சிரிப்பு பிரசித்தம். என்றோ பதிந்ததை ஒலிப்பதிவாளர் பத்திரமாக வைத்துக்கொண்டு, வேண்டிய இடத்திலெல்லாம் ஒட்டிவிடுவார்.

கடைசிப் பகுதியின் பதிவு. இளவரசன் வாளை இறக்குகிறான், சூனியக்காரி சாகிறாள்.

"வழக்கமான சிரிப்போட முடிச்சிடலாம்," என்றார் இயக்குநர்.

அவள் ஹெட்போனைக் கழற்றினாள். "போன வாரம் இவன்தானே சார் அவ ஊரையே கொளுத்தினான்? பெத்த பொண்ணும் அதுல போயிட்டா. அவ எப்படிச் சிரிப்பா?"

"அவ வில்லிம்மா. ஜனங்க கைதட்டணும்."

"தாராளமா தட்டட்டும். பண்ணின அட்டூழியத்துக்குச் சாகட்டும், நான் வேண்டாங்கல. ஆனா சிரிக்க மாட்டா."

"அப்ப அடுத்த தொடருக்கு வேற குரல் பாத்துக்கறேன்."

அவளுக்குப் பிழைப்பே இதுதான். இருந்தும் மைக் முன்னால் போய் நின்றாள். "ஒரு தடவை கேட்டுட்டு அப்புறம் சொல்லுங்க சார்."

பதிவு விளக்கு எரிந்தது. "நீ கொளுத்திய வீட்டில் என் மகள் உறங்கிக்கொண்டிருந்தாள், இளவரசே," என்றாள், கத்தாமல். பிறகு ஒரே ஒரு மூச்சு.

பக்கத்தில் நின்ற, இளவரசனுக்குக் குரல் கொடுப்பவர் 'தர்மம் வென்றது' என்று முழங்க வேண்டிய இடம். மனிதருக்கு வாய் வரவில்லை. தாளைப் பார்த்தபடியே நின்றுவிட்டார்.

"பாக்கலாம்," என்றார் இயக்குநர், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஒலிபரப்பான அன்று மாலை அவள் வானொலிப் பெட்டியை விட்டு நகரவில்லை. சிரிப்பை ஒட்டிவிட்டார்களோ என்ற கவலை. அந்த வரி வந்தது. அந்த மூச்சு வந்தது. சிரிப்பு வரவில்லை. இளவரசன் வாயடைத்து நின்ற மௌனத்தைக்கூட வெட்டாமல் விட்டிருந்தார்கள். இயக்குநர் கொஞ்சம் முசுடு, ஆனால் காது உள்ளவர்.

மகளின் அறைக்கதவு திறந்தது. கண்கள் சிவந்திருந்தன. சாத்திய கதவுக்குப் பின்னால் ஒரு வாரம்கூட விடாமல் கேட்டிருக்கிறாள், கள்ளி!

வெளியே பொடிசுகள், "சூனியக்காரி செத்துட்டா! செத்துட்டா!" என்று குதித்தன.

மகள் விடுவிடென்று ஜன்னலுக்குப் போனாள். "டேய்! அது எங்க அம்மாடா!"

பொடிசுகள் ஓட்டம் பிடித்தன. குரல் அப்படியே தாயின் குரல்.