நூலகத்தில் தொங்கிய மேகம்

நான் கடைகளுக்கு விளக்குப் பலகை செய்கிறவன். மருந்துக் கடை வாசலில் பச்சையாக மினுங்கும் கூட்டல் குறி, சலூன் வாசலில் திறந்து திறந்து மூடும் கத்தரிக்கோல், இதெல்லாம் என் கைவண்ணம். போகிறவர் வருகிறவர் கண்ணைக் கூச வைப்பதுதான் தொழில். அதைக் கலை என்று சொல்லிக்கொள்வேன். வீட்டில் வேறு யாரும் அப்படிச் சொன்னதில்லை.

என் மனைவிக்கு ஊர் நூலகத்தில் வேலை. யாராவது சத்தம் போட்டால் நிமிர்ந்து ஒரு பார்வை பார்ப்பாள், அடங்கிவிடுவார்கள். என்னிடம் மட்டும் அந்தப் பார்வை செல்லுபடியாகவில்லை. நான் வாயை மூடினாலும் கை கால் சும்மா இருக்காது. பேசும்போது காற்றில் படம் வரைவேன், பேசாதபோது காலை ஆட்டுவேன். மாமனார் எனக்கு 'மின்விசிறி' என்று பெயர் வைத்திருக்கிறார். ரெகுலேட்டர் இல்லாத மின்விசிறி என்பது முழுப் பெயர்.

நூலகத்தின் முன்கூடத்தில் ஒரு மேகச் சிற்பம் வைக்க வேண்டும் என்று தலைமை நூலகர் அம்மாவுக்கு ஆசை. கீழே ஆள் வந்து நின்றால் விளக்கும் சத்தமுமாக மழை பெய்ய வேண்டும். வெளியூர்ச் சிற்பி ஒருவரை அழைக்கலாம் என்று பேச்சு நடந்தபோது, அங்கே அதுவரை யாரிடமும் எதுவும் கேட்டிராத என் மனைவி, "எங்க வீட்டுக்காரர் செஞ்சு தருவார் மேடம், நான் பொறுப்பு" என்று சொல்லிவிட்டாள். வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னபோது, தானா அப்படிப் பேசினோம் என்று அவளுக்கே நம்ப முடியவில்லை.

"என் மானத்தை வாங்கிடாதீங்க," என்றாள்.

"நீ வேணா பாரு," என்றேன். என் வாழ்க்கையின் எல்லாச் சறுக்கல்களும் இந்த மூன்று சொற்களில்தான் தொடங்கியிருக்கின்றன.

பலகை செய்து மிஞ்சிய வெள்ளை அக்ரிலிக் துண்டுகளைச் சூடு காட்டி வளைத்து, ஒன்றோடொன்று ஒட்டி, உள்ளே எல்.இ.டி. விளக்குப் பட்டைகளைப் பதித்தேன். முதல் மேகம் காலிஃபிளவர் மாதிரி வந்தது. இரண்டாவதை மாமனார் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "தலைகாணி கிழிஞ்சிருச்சா?" என்று கேட்டார். மூன்றாவதை அவர் கண்ணில் காட்டவில்லை.

சத்தம்தான் படுத்தி எடுத்தது. நிஜ மழையையே பதிவு செய்யலாம் என்று கைபேசியோடு காத்திருந்தேன். மழை வந்தது. மொட்டைமாடியில் துணி காய்கிறது என்று மனைவி குரல் கொடுத்தாள். ஓடிப்போய்த் துணியை அள்ளிக்கொண்டு இறங்குவதற்குள் மழை நின்றுவிட்டது. கடைசியில் தகரத் தட்டில் அரிசியைக் கொட்டிப் பதிவு செய்தேன். நடுவில் குக்கர் விசில் அடித்ததைத் தவிர அருமையாக வந்தது. இடிக்காகப் பழைய பலகை ஒன்றின் தகட்டைப் பிடித்து உலுக்கினேன். மேல்வீட்டுக்காரர் இறங்கி வந்து, "ஏதாவது விழுந்துருச்சா?" என்று விசாரித்தார். எனக்குக் கிடைத்த முதல் பாராட்டு அது. உச்சி குளிர்ந்துவிட்டது.

கீழே ஆள் நிற்பதைக் கண்டுபிடிக்க, எங்கள் வீட்டுக் கழிப்பறையில் நான் மாட்டியிருக்கும் அதே சென்சாரை வாங்கினேன். ஆள் நுழைந்ததும் விளக்கு தானாக எரியும். உட்கார்ந்த கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது, கையை வீசி வீசி எரிய வைக்க வேண்டியிருக்கிறது என்று வீட்டில் எல்லோரும் முணுமுணுப்பார்கள். எனக்கு ஒரு நாளும் அணைந்ததில்லை. ஆகவே கோளாறு அவர்களிடம்தான் என்று முடிவு கட்டியிருந்தேன். மேகத்தையும் என் கடையில் நானே கீழே நின்று சோதித்தேன், பொழிந்து தள்ளியது. மனைவி ஒரு தடவை வந்து பார்த்தாள், கடைக் குப்பையைப் பெருக்கிக்கொண்டே. அப்போதும் பொழிந்தது.

திறப்பு விழாவுக்குக் கூடம் நிறைந்துவிட்டது. பெரிய அதிகாரி ஒருவர் ரிப்பனை வெட்டிவிட்டு மேகத்தின் கீழே போனார். சாம்பல் வெளிச்சம் படர்ந்தது, தூறல் விழுந்தது. அவர் கைகளைக் கட்டிக்கொண்டு அண்ணாந்தபடி சொக்கி நின்றார். நல்ல ரசிகர். இம்மியும் அசையவில்லை. மேகம் அணைந்துவிட்டது. தலைமை நூலகர் அம்மா அவர் பக்கத்தில் போய் நின்றார். கொஞ்சம் வெளிச்சம் வந்தது. அவரும் மரியாதையாக அசையாமல் நிற்கவே அதுவும் போயிற்று.

"முடிஞ்சுதா?" என்று அதிகாரி கேட்டார்.

"இன்னும் ஆரம்பிக்கலைன்னு நினைக்கிறேன் சார்." அந்த அம்மா திரும்பி என் மனைவியைப் பார்த்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த சென்சாருக்கு ஆள் தெரியாது, அசைவுதான் தெரியும். மெய்ம்மறந்து நிற்கிறவரும் அங்கே இல்லாதவரும் அதற்கு ஒன்றுதான். ஓடிப்போய் விளக்கம் சொல்ல நினைத்தேன். பிறந்ததிலிருந்து ஆடிக்கொண்டிருந்த என் கையும் காலும், அந்த நேரம் பார்த்து மரக்கட்டையாகிவிட்டன. பின்னால் யாரோ, "செஞ்சது இந்தம்மாவோட வீட்டுக்காரராம்" என்று சொல்லிச் சிரித்தார்கள். அது அவள் காதிலும் விழுந்தது. அவள் தலை குனிந்ததைப் பார்த்தேன். என்னால்தானே என்று நினைக்க, நின்ற இடத்திலேயே செத்துவிடலாம் போலிருந்தது.

அவள் கையில் ஏந்தியிருந்த ரிப்பன் கத்தரிக்கோல் தட்டை மேசையில் வைத்தாள். நேராக நடந்து அதிகாரிக்குப் பக்கத்தில் போய் நின்றாள். இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கி வீசினாள். அது எங்கள் வீட்டுக் கழிப்பறை வீச்சு என்பது அந்தக் கூட்டத்தில் எங்கள் இருவருக்கு மட்டுமே தெரியும்.

மழை கொட்டியது. இடி இடித்தது. அதிகாரி தூக்கிவாரிப் போட்டுத் துள்ளினார், அந்தத் துள்ளலுக்கு ஒரு மின்னல் வெட்டியது. அவர் வாய்விட்டுச் சிரித்தபடி தானும் கையைத் தூக்கினார். அதற்குப் பிறகு கூடத்தில் ஒருவர்கூடச் சும்மா நிற்கவில்லை. தலைமை நூலகர் அம்மாவின் மூக்குக் கண்ணாடி நழுவி விழுந்தது, அவர் குனிந்து எடுத்ததற்கும் ஒரு தூறல் கிடைத்தது.

"இப்படித்தான் சார் செய்யணும்," என்றாள் என் மனைவி மூச்சு வாங்க. "காத்து அடிச்சாத்தானே மழை வரும்."

இத்தனை வருஷத்தில் அவள் சொல்லி நான் கேட்ட முதல் பொய் அது.

சாயங்காலம் வீடு திரும்பும்போது தெருமுனைவரை வந்துவிட்டோம். நான்தான் கேட்டேன்.

"என் பேரைச் சொன்னோமேன்னு வருத்தமா இருந்துச்சா?"

"இருந்துச்சு," என்றாள் யோசிக்காமல். "அந்தம்மா என்னைத் திரும்பிப் பார்த்தப்போ."

"அப்புறம் ஏன் வந்தே? பேசாம ஓரமா நின்னிருக்கலாம்ல?"

"பின்னாடி சிரிச்சாங்களே, கேக்கலையா? நாங்க வீட்டுல சிரிக்கிறது வேற. உங்களைப் பார்த்துச் சிரிக்க அவங்க யாரு?"

அவள் தோளிலிருந்த பையை வாங்கி மாட்டிக்கொண்டேன்.